கடலுக்குள் சத்தம் எந்தப் பக்கமிருந்து?

வீராணம் ஏரி நிரம்பிக் கிடக்கும் நாளில் லால்பேட்டைப் பக்கம் போனால் ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மூச்சைப் பிடித்து, கண்ணை மூடி, தலையை முக்குங்கள். கூட வந்தவர் பத்தடி தள்ளி நின்று, தண்ணீருக்குள் இரண்டு கூழாங்கற்களை ஒன்றோடொன்று தட்டட்டும். 'டிக்' என்று கேட்கும். வெளியே கேட்பதைவிடத் துல்லியமாகவே கேட்கும். சரி, எந்தப் பக்கமிருந்து வந்தது? வலமா, இடமா, முதுகுக்குப் பின்னாலா? கையை நீட்டிக் காட்டச் சொன்னால் திணறிப்போவீர்கள். சத்தம் மண்டைக்குள்ளேயே பிறந்தமாதிரி இருக்கும்.

காதின் மேல் குற்றமில்லை. காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. வலப்பக்கம் சைக்கிள் மணி அடித்தால் வலது காதுக்கு முதலில் கேட்கும், இடது காதுக்குக் கொஞ்சம் பிந்தும். இரண்டு காதுக்கும் நடுவே ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்தான். ஆகவே பிந்துகிற நேரம் மிஞ்சிப்போனால் 0.6 மில்லி வினாடி. கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்த வித்தியாசத்தை மூளை அளந்து, 'வலப்பக்கம்' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது! தண்ணீரிலோ ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர். அதே தலை, அதே 20 சென்டிமீட்டர், ஆனால் வித்தியாசம் 0.13 மில்லி வினாடியாகச் சுருங்கிவிடுகிறது. போதாக்குறைக்குத் தண்ணீரில் வரும் ஒலி மண்டையோட்டின் வழியாகவே இரண்டு காதுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. மூளைக்குப் பிடிகொம்பே இல்லை.

அப்படியானால் காதுகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் என்ன? இரண்டு போதாதென்றால் பன்னிரண்டு காது வைத்தால்? கடலுக்கடியில் ஒலி வரும் திசையைக் கண்டுபிடிக்கும் கலை முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளம்பியதுதான். அதற்கான மேடைக்குப் பின்புற வேலை நம் சென்னைப் பள்ளிக்கரணையில் நடக்கிறது. அதன் கணக்குகளில் உலகமே பயன்படுத்தும் ஒன்றை உருவாக்கியவர்களில் ஒருவர் பொள்ளாச்சிக்காரர். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே திரிகிறேன். இன்று உங்கள் முறை. வாருங்கள், திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்ப்போம்!

முதலில் அந்த வேகத்தை அளந்த கதை. 1826-ல் ஜெனீவா ஏரியில் டேனியல் கொலடோன், சார்ல்ஸ் ஸ்டுர்ம் என்ற இருவரும் இரண்டு படகுகளை ஏரியின் இரு கரைப்பக்கமும் நிறுத்தினார்கள். ஒரு படகிலிருந்து தண்ணீருக்குள் மணியைத் தொங்கவிட்டார்கள். மணியை அடிக்கும் அதே கணத்தில் மேலே வெடிமருந்து பளிச்சென்று எரியும். மறு படகில் கொலடோன் நீருக்குள் விட்ட நீண்ட குழாயில் காதை வைத்துக்கொண்டு, வெளிச்சம் கண்டதிலிருந்து சத்தம் கேட்கும்வரை நேரம் பார்த்தார். கிடைத்த விடை வினாடிக்கு 1435 மீட்டர். 8 டிகிரிக் குளிர்நீரில், ஒரு குழாயும் ஒரு கடிகாரமும் வைத்துக்கொண்டு எடுத்த அளவு இது! இன்றைய கருவிகள் சொல்வதற்கு அவ்வளவு நெருக்கம். முதல் உலகப் போர் வந்தபோது நீர்மூழ்கிகளைத் தேடக் கப்பல்காரர்கள் இதே குழாய் வித்தையை விரித்தார்கள். இரண்டு குழாய்களை நன்றாக விலக்கித் தண்ணீரில் இறக்கி, ஒன்றை வலது காதுக்கும் மற்றதை இடது காதுக்கும் கொண்டுவந்து, சத்தம் நடுமண்டையில் கேட்கும்வரை முழு அமைப்பையும் திருப்பினார்கள். நடுவில் கேட்டுவிட்டால் நேர் எதிரே ஆள் இருக்கிறான் என்று பொருள். தலையையே ஆறேழு மடங்கு அகலமாக்கிக்கொண்ட மனிதர்கள்!

இனி பன்னிரண்டு காதுகளின் கணக்கு. மழை வீராணத்தின் மேலாக ஊரை நோக்கி நகர்ந்து வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். மழையின் முகப்பு ஒரு தெருவுக்கு நேர் எதிராக வந்தால் தெருவின் எல்லா வீட்டு ஓட்டிலும் ஒரே சமயம் தடதடவென்று கொட்டும். சாய்வாக வந்தால் முதல் வீட்டில் முதலில், அடுத்த வீட்டில் சற்றுப் பிந்தி, கடைசி வீட்டில் கடைசியாக. எந்த வீட்டில் எப்போது விழுந்தது என்று குறித்துவைத்தாலே போதும், வானத்தைப் பார்க்காமலே மழை வந்த சாய்வைச் சொல்லிவிடலாம். கடலில் வீடுகளுக்குப் பதில் ஹைட்ரோபோன்கள், அதாவது நீருக்குள் கேட்கும் மைக்குகள்.

கையோடு ஒரு கணக்கும் போட்டுவிடுவோம், கஷ்டமே இல்லை. இரண்டு ஹைட்ரோபோன்களுக்கு நடுவே 75 சென்டிமீட்டர். ஒலி இரண்டாவதற்கு 0.25 மில்லி வினாடி பிந்தி வந்தது. அந்த நேரத்தில் ஒலி ஓடும் தூரம் 37.5 சென்டிமீட்டர். 75-ல் அது சரிபாதி. சைன் மதிப்பு அரை என்றால் கோணம் 30 டிகிரி. ஆக, ஒலி நேர் எதிரிலிருந்து 30 டிகிரி சாய்ந்து வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்து முக்கோணவியல்தான். ஆனால் இதை வைத்துத்தான் கப்பலையும் திமிங்கலத்தையும் மழையையும் தேடுகிறார்கள்.

ஏன் 75 சென்டிமீட்டர்? 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு நீரில் அலைநீளம் ஒன்றரை மீட்டர், அதில் பாதி. இடைவெளி இந்தப் பாதியைத் தாண்டினால் விபரீதம். இல்லாத திசையிலும் ஓர் ஆவி நிற்பதாகக் கணிப்பொறி காட்டத் தொடங்கிவிடும். இரண்டு வெவ்வேறு திசைகளிலிருந்து வரும் அலைகள் எல்லா ஹைட்ரோபோன்களிலும் ஒரே மாதிரிப் பதிந்துவிடுவதால் வரும் குழப்பம் அது. சரி, நெருக்கி நெருக்கி வைத்துவிடலாமே என்றால், அப்போது வரிசையின் மொத்த நீளம் குறைந்து பார்வை மங்கிவிடும். 75 சென்டிமீட்டர் இடைவெளியில் 12 ஹைட்ரோபோன் வைத்தால் 1000 ஹெர்ட்ஸில் கிடைக்கும் கூர்மை எட்டு, ஒன்பது டிகிரி அளவுதான். பத்துக் கிலோமீட்டர் தள்ளி அந்த விசிறி ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம் விரிந்திருக்கும். இன்னும் கூர்மை வேண்டுமென்றால் கயிறு நீளவேண்டும், அல்லது மூளை கூர்மையாகவேண்டும். மூளையைக் கூராக்கிய கதைக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது பள்ளிக்கரணை. 1993 நவம்பரில் தொடங்கிய தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வேளச்சேரி-தாம்பரம் சாலையில் இருக்கிறது. அங்கே ஒலியியல் சோதனைக்கென்றே ஒரு தொட்டி. 16 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 7 மீட்டர் ஆழம். பெருக்கிப் பார்த்தால் பத்து லட்சம் லிட்டருக்குச் சற்று மேல்! கடலுக்குப் போகும் ஒவ்வொரு ஹைட்ரோபோனும் முதலில் இப்படிப்பட்ட தொட்டியில் இறங்கித் தன் நேர்மையை நிரூபிக்கவேண்டும்.

ஹைட்ரோபோனின் உயிர் பீசோ பீங்கான். அமுக்கினால் மின்சாரம் தரும் பொருள். சமையலறையில் கேஸ் அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரில் 'டிக்' என்று பொறி வருகிறதே, அங்கேயும் அதே பீசோதான். பியர் க்யூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் 1880-ல் கண்டுபிடித்த குணம். லைட்டரில் நாம் ஓங்கி அழுத்துகிறோம். கடலிலோ ஒலி அலை தொட்டும் தொடாமலும் அழுத்தும், அதற்கு ஏற்றபடி மெல்லிய மின்னழுத்தம் பிறக்கும். அதைப் பெருக்கிப் பதிவுசெய்கிறார்கள்.

தொட்டி வேலையில் எனக்கு மிகப் பிடித்தது, இறக்குவதற்கு முன் நடக்கும் குளிப்பாட்டல்! ஹைட்ரோபோனின் மேல்தோலைச் சோப்புநீர் போட்டுத் துடைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் அளவு கெட்டுவிடும். காற்று நீரைவிட எளிதாக அமுங்குவது. அலையின் அழுத்தத்தை அது விழுங்கிவிடும். துடைத்தபின் உடனே அளக்கவும் கூடாது. தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கு அது பழகும்வரை ஊறவிட வேண்டும். கோடிகள் புரளும் கடல் ஆராய்ச்சி, சோப்புநீரிலும் பொறுமையிலும் தொடங்குகிறது. இந்த இடத்தில்தான் எனக்கு இந்தத் துறையின்மேல் காதலே வந்தது.

அடுத்த சிக்கல் சுவர்கள். தொட்டிக்குள் ஒலி எழுப்பினால் நான்கு சுவரும் தரையும் நீரின் மேற்பரப்பும் எதிரொலியைத் திருப்பி அனுப்பும். அப்புறம் எப்படி அளப்பது? எதிரொலி வருவதற்குள் அளந்துவிட வேண்டியதுதான்! ஒலிப்பானையும் ஹைட்ரோபோனையும் நடு ஆழத்தில், மூன்றரை மீட்டரில், இரண்டு மீட்டர் இடைவெளியில் தொங்கவிட்டால், நேராக வரும் ஒலிக்கும் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒலிக்கும் இடையே சுமார் மூன்றரை மில்லி வினாடி கிடைக்கும். அந்த இடுக்கில் ஒரு சிறு துடிப்பை அனுப்பி, பிடித்து, கதவைச் சாத்திவிட வேண்டும். பிறகு வருவதெல்லாம் எதிரொலி, வேண்டாம். கருவியை ஒரு கம்பியில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி ஒவ்வொரு கோணத்திலும் இதையே திரும்பத் திரும்பச் செய்தால், எந்தப் பக்கம் அதன் காது கூர்மை, எந்தப் பக்கம் மந்தம் என்பது மடல் மடலாகத் திரையில் விரியும்.

மூன்றரை மில்லி வினாடியில் 1000 ஹெர்ட்ஸ் ஒலி மூன்றரை முறைதான் அலைபாயும். அதற்கும் தாழ்ந்த சுருதி என்றால் ஒரு முழு அலைகூடத் தேறாமல் போகலாம். கப்பல் இரைச்சல் பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த சுருதியில்தான். அதற்கு அகன்ற, ஆழமான, அமைதியான தண்ணீர் வேண்டும். கேரளத்தில் கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வகம் இதற்காக இடுக்கி நீர்த்தேக்கத்தின் குளமாவுக்கு ஏறிவிட்டது. மலைமேல், காட்டு நடுவே, போர்க்கப்பல் சோனார்களின், அதாவது ஒலியால் தேடும் கருவிகளின், சோதனைச்சாலை! 2024-ல் அங்கே ஒரு புதிய மிதக்கும் சோதனைத் தளமும் திறந்தார்கள். கேட்டதும் என் மனம் நம் வீராணத்துக்கு ஓடியது. கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கும் ஏரியாயிற்றே, இங்கே செய்யலாகாதா? இல்லை, ஆழம் போதாது. இரண்டு மீட்டர் ஆழமுள்ள நீரில் 190 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி தூரம் போகவே முடியாது. பிறந்த இடத்திலேயே தேய்ந்து அடங்கும். ஏரியின் நீளம் விவசாயத்துக்கும் சென்னையின் குடிநீருக்கும் உதவட்டும், ஒலிக்கு ஆழம்தான் சோறு.

தொட்டியில் தேறிய ஹைட்ரோபோன்கள் கடலுக்குக் கிளம்புகின்றன. பள்ளிக்கரணைக்காரர்கள் இந்தியக் கடலோரங்களில் கடலின் இரைச்சலைத் தானாகப் பதியும் கருவிகளை இறக்கி வருகிறார்கள். அவற்றில் ஹைட்ரோபோன்களைச் செங்குத்தாகக் கோத்த வரிசைகளும் உண்டு. ஏன் செங்குத்து? கீழே ஒரு கனமான எடை, மேலே நீருக்குள்ளேயே நிற்கும் ஒரு மிதவை. எடை கீழே இழுக்கும், மிதவை மேலே இழுக்கும், நடுவில் கயிறு விறைப்பாக நிற்கும். நேர்கோடு இலவசம்! ஆனால் கடல் சும்மா இருக்குமா? நீரோட்டம் தள்ளும்போது கயிறு சாயும். ஆகவே சாய்வைச் சொல்லும் உணரிகளையும் கூடவே கட்டவேண்டும். 75 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள ஒரு ஜோடியில், ஒரு ஹைட்ரோபோன் வெறும் 1.3 சென்டிமீட்டர் இடம் பிசகினாலே திசை ஒரு டிகிரி பிசகிவிடும்.

கடிகாரத்தின் பாடு அதைவிடப் பெரிது. அதே ஒரு டிகிரிக்கு நேரக் கணக்கில் ஒன்பது மைக்ரோ வினாடிகூட இல்லை. பன்னிரண்டு காதுகளும் ஒரே கடிகாரத்தின் சொல்படி ஒரே நொடியில், ஒரே மைக்ரோ நொடியில், தங்கள் அளவை எடுக்கவேண்டும். ஒன்று தூங்கிவழிந்தால் மொத்தக் கூட்டமும் பொய் சொல்லும். மின்கலமோ கையடக்கம், கடலடியில் சார்ஜ் போட ஆளில்லை. அதனால் எப்போதும் விழித்திராமல், கொஞ்ச நேரம் கேட்டு, பதிந்து, உறங்கி, மறுபடி விழிக்கும்படி ஏற்பாடு செய்கிறார்கள்.

திரும்ப எடுப்பது எப்படி? கப்பல் அந்த இடத்துக்கு வந்து நீருக்குள் ஒரு குறிப்பிட்ட ஒலிச் சமிக்ஞையை அனுப்பும். அடியில் காத்திருக்கும் ரிலீஸர் கொக்கி அதைக் கேட்டு, 'என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்' என்று கண்டுகொண்டு வாயைத் திறக்கும். எடை கடலடியிலேயே தங்கிவிட, மிதவை கருவியையும் இழுத்துக்கொண்டு மேலே பாயும். ஒலி கேட்கப் போன கருவியை ஒலியாலேயே அழைத்து வருகிறார்கள்! மேல்தளத்தில் நிற்பவர்கள் அலைகளுக்கு நடுவே அந்த மிதவையின் நிறம் தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கித் தேடும் அந்த நிமிடங்களின் பதைப்பை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. இழுவலையில் மாட்டி அறுந்துபோகும் ஆபத்தும் உண்டு. மீனவர்களிடம் சொல்லிவைக்காமல் எதையும் கடலில் விட்டுவைக்க முடியாது. அவர்கள் ஒத்துழைப்புதான் உண்மையான நங்கூரம்.

கரைக்கு வந்ததும் விருந்து ஆரம்பம். கணிப்பொறி பன்னிரண்டு பதிவுகளையும் எடுத்து, 'ஒலி 30 டிகிரியிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம்' என்று ஒவ்வொரு பதிவையும் அதற்குரிய நேரம் முன்னுக்குத் தள்ளி, எல்லாவற்றையும் கூட்டும். அனுமானம் சரியென்றால் பன்னிரண்டும் ஒத்திசைந்து, ஒலி பன்னிரண்டு மடங்காகும். ஒழுங்கற்ற இரைச்சலோ ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மூன்றரை மடங்குதான் ஏறும். அனுமானம் தப்பென்றால் ஒலியும் சிதறிப்போகும். இப்படி ஒவ்வொரு டிகிரியாகத் துழாவினால், எங்கே உச்சம் எழுகிறதோ அங்கே ஆள். இதில் எதுவும் அசையவில்லை, கவனித்தீர்களா? கயிறு திரும்பவில்லை, மைக் திரும்பவில்லை. போன வருடம் பதிந்த கடலை இன்று மேசையில் உட்கார்ந்துகொண்டு, 'இந்தப் பக்கம் கேட்போம், இப்போது அந்தப் பக்கம்' என்று காதைத் திருப்பிக்கொள்ளலாம். முடிந்துபோன ஒரு நாளுக்குள் தலையைத் திருப்பிப் பார்ப்பது! இந்த வரியை எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

கேட்பதோ ஒரு பெருங்கூட்டம். சொடுக்கு இறால்கள் இரவும் பகலும் படபடவென்று வெடிக்கின்றன. விரலளவுகூட இல்லாத அந்த இறால் தன் பெரிய கொடுக்கை மூடும் வேகத்தில் ஒரு நீராவிக் குமிழி பிறந்து நொறுங்குகிறது. சத்தம் கொடுக்கிலிருந்து வரவில்லை, அந்தக் குமிழி நொறுங்குவதால்தான் வருகிறது என்பது 2000-ல்தான் உறுதியானது. கடலூர், பரங்கிப்பேட்டை மீன் ஏலங்களில் பார்க்கிற கத்தாளை உயிரோடிருக்கும்போது தன் காற்றுப்பையைத் தசையால் படபடவென்று அதிரவைத்து முழங்கும். மலேசியாவில் திரங்கானு கரையில் ஜூரு செலாம் எனப்படும் மூத்த மீனவர்கள் கடலுக்குள் தலையை அமிழ்த்தி, கத்தாளை இனத்தின் இந்த முழக்கத்தைக் கேட்டே வலைபோடச் சொல்வார்கள். நான் மேலே சொன்ன 0.13 மில்லி வினாடியோடு மல்லுக்கட்டி வென்ற காதுகள் அவை. கும்பிடவேண்டியவர்கள்.

விசைப்படகின் விசிறியோ தன் அடையாள அட்டையை வீசிக்கொண்டே போகும். மூன்று இறக்கை விசிறி நிமிடத்துக்கு 600 சுற்று என்றால், வினாடிக்கு 30 துடிப்பு. துடிப்பை எண்ணியே விசிறியைப் பற்றிச் சொல்லிவிடலாம். தூறல் விழுந்தாலும் தெரியும். சின்னத் துளிகள் நீருக்குள் அடைத்துவிடும் நுண்ணிய காற்றுக்குமிழிகள் 15,000 ஹெர்ட்ஸ் பக்கம் கிணுகிணுக்கும்.

செங்குத்து வரிசையில் தெரியும் ஒரு காட்சிதான் என்னை அசத்தியது. காற்றும் அலையும் எழுப்பும் இரைச்சல் மேற்பரப்பில் பிறக்கிறது. வெயிலில் மேல்நீர் சூடாகி, அங்கே ஒலி வினாடிக்கு 1540 மீட்டர் ஓடுகிறது. கீழே குளிர்ந்த நீரில் 1520 என்று வைத்துக்கொள்வோம். வேகம் குறையும் பக்கமாக ஒலி வளையும். ஆகவே மேலிருந்து வரும் எதுவும் கீழுள்ள ஹைட்ரோபோனைப் படுக்கைவாட்டில் வந்து தொட முடியாது. கிடைக்கோட்டுக்கு மேலும் கீழும் ஒன்பது டிகிரி அளவுக்கு ஓர் அமைதி இடுக்கு திறந்துவிடுகிறது! சத்தக்கடலின் நடுவே இயற்கையே ஒரு சன்னல் வைத்துவிட்டது. ஆழத்தில், தூரத்தில் எழும் ஒலி அந்தச் சன்னல் வழியே கிசுகிசுத்தாலும் கேட்கும். திசை தெரியாத ஒற்றைக் காதுக்கு இந்தச் சன்னல் இருப்பதே தெரியாது.

இப்போது மூளையைக் கூராக்கிய கதை. அதன் தொடக்கம் துயரமானது. 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில், பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹங்கோர் நம் குக்ரி கப்பலை மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் திரும்பவில்லை. கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு மூழ்கினார். கப்பலின் சோனார் காது எட்டும் தூரத்தைவிட நீர்மூழ்கியின் காது தூரம் எட்டியது என்பதே அன்று கடற்படையைக் குத்திய உண்மை. அப்போது டெல்லி ஐஐடியில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தார் ஆரோக்கியசாமி பால்ராஜ். பொள்ளாச்சியில் 1944-ல் பிறந்து, 15 வயதில் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்த கடற்படை அதிகாரி. பழைய பிரிட்டிஷ் சோனாரை மேம்படுத்தும் வேலை அவரிடம் வந்தது. செய்துகாட்டினார். பிறகு 1977 முதல் கொச்சி ஆய்வகத்தில் அப்சோ என்ற சோனாரை உருவாக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1983-ல் அது கடலுக்குப் போனது. நம் கப்பல்களின் காது நம் கையால் ஆனது.

அடுத்து பால்ராஜ் போனது அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்கு. அங்கே தாமஸ் கைலாத்தின் குழுவில் சேர்ந்தார். அதற்குமுன் 1969-ல் கேப்பன் கொடுத்த முறையும், ரால்ஃப் ஷ்மிட்டின் மியூசிக் முறையும் பழைய 'தள்ளிக் கூட்டும்' கணக்கைவிடப் பல மடங்கு கூர்மையாகத் திசை காட்டின. ஆனால் இரண்டும் ஒவ்வொரு டிகிரியாகத் துழாவியே ஆகவேண்டும். ஒவ்வொரு ஹைட்ரோபோனின் குணமும் அச்சொட்டாகத் தெரிந்திருக்கவும் வேண்டும். 1985-ல் ரிச்சர்ட் ராய், பால்ராஜ், கைலாத் மூவரும் எஸ்பிரிட் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அதன் அழகைப் பாருங்கள். பன்னிரண்டு ஹைட்ரோபோனில் முதல் பதினொன்றை ஒரு கூட்டமாகவும், கடைசிப் பதினொன்றை இன்னொரு கூட்டமாகவும் எடுங்கள். இரண்டும் அச்சு அசலாக ஒரே அமைப்பு, ஓர் இடம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு ஒலிமூலமும் இரண்டு கூட்டத்திலும் ஒரே மாதிரிப் பதியும். தனக்கே உரிய ஒரு சுழற்சி மட்டும் கூடியிருக்கும். அந்தச் சுழற்சியை நேரடியாகக் கணக்கிட்டு எடுத்தால் திசை வந்து விழுகிறது! துழாவல் இல்லை. வரிசையின் முழு ஜாதகமும் தேவையில்லை. இவ்வளவு எளிமையாகச் சொல்லக்கூடிய ஒன்று அதுவரை யாருக்கும் தோன்றாமல் இருந்ததே என்று வியப்பேன்.

கதை அங்கேயும் நிற்கவில்லை. கடற்படையிலிருந்து விலகி மறுபடி ஸ்டான்போர்டு போன பால்ராஜ், கலந்து வரும் ரேடியோ அலைகளை ஆன்டெனா வரிசையால் பிரித்தெடுக்கும் ஆய்வில் இருந்தபோதுதான், அனுப்பும் பக்கம் பல ஆன்டெனா, வாங்கும் பக்கம் பல ஆன்டெனா வைத்து ஒரே அலைவரிசையில் பல செய்திகளை அனுப்பலாம் என்ற மைமோ யோசனையை 1992-ல் முன்வைத்தார். இன்றைய 4ஜி, 5ஜி, வைஃபை எல்லாம் அதன்மேல் நிற்கின்றன. 2010-ல் பத்மபூஷண், 2014-ல் மார்க்கோனி பரிசு. லால்பேட்டையிலிருந்து வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன பிள்ளையிடம் அம்மா வீடியோவில் முகம் பார்த்துப் பேசும்போது, அந்தப் பேச்சைச் சுமக்கும் கணக்கு, கடலில் நீர்மூழ்கியைத் தேடிய ஒரு தமிழ்நாட்டுக்காரரின் கையில் பழகியது. இதைப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் போடவேண்டும் என்று நான் அடம்பிடிப்பேன்.

இத்தனை கூர்மை இருந்தும் கரையோரக் கடல் இந்த முறைகளை ஏமாற்றப் பார்க்கும். ஆழம் குறைந்த இடத்தில் ஒரே படகின் ஒலி நேராகவும், மேற்பரப்பில் பட்டும், அடிமண்ணில் பட்டும் வருகிறது. மூன்றும் ஒரே குரல் என்பதால் கணக்கு குழம்பி, எது யார் என்று பிரிக்கமுடியாமல் திகைக்கும். வரிசையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் கணக்கையும் சராசரி எடுத்தால் அந்த ஒட்டு விலகிவிடும் என்று ஷான், வாக்ஸ், கைலாத் 1985-ல் காட்டினார்கள். திசை தெரிந்தாலும் தூரம் தெரியாது என்ற குறையும் உண்டு. அதற்கு இரண்டாவது வரிசையை வேறோரிடத்தில் இறக்கி, இரண்டு திசைக்கோடும் வெட்டும் இடத்தைப் பார்க்கவேண்டும்.

படித்துவிட்டு வெறுமனே வியந்தால் போதாது என்பவர்களுக்கு: இதை நீங்களே செய்யலாம், இந்த விடுமுறையிலேயே! மின்னணுக் கடைகளில் பஸ்ஸருக்குள் வைக்கும் பீசோ வில்லைகள் மலிவாகக் கிடைக்கும். இரண்டு வாங்கி, திரையிட்ட ஒயரில் பற்றவைத்து, தண்ணீர் புகாதபடி எப்பாக்ஸி பசையில் மூழ்கடித்துக் காயவையுங்கள். ஒரு மீட்டர் நீளக் கம்பின் இரண்டு முனையிலும் கட்டி, ஸ்டீரியோ ரிக்கார்டரின் இடது, வலது வாயில்களில் செருகுங்கள். இரண்டு வாயிலும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதால் நேரப் பொருத்தத்தின் தலைவலி தீர்ந்தது. ரிக்கார்டர் வினாடிக்கு 48,000 முறை அளவெடுக்கும். ஒலி ஒரு மீட்டரைக் கடப்பதற்குள் சரியாக 32 அளவுகள். வலப்பக்கம் 32, இடப்பக்கம் 32, நேர் எதிரே ஒன்று, ஆக 65 படிகளில் திசை! நேர் எதிர்ப்பக்கத்தில் ஒவ்வொரு படியும் இரண்டு டிகிரிக்கும் குறைவு. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மின்னணு மாணவர்களும், வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டையில் இருக்கும் அதே பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மாணவர்களும் ஒரு படகில் ஏறி இதைச் செய்யவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒருவருக்குச் சமிக்ஞை தெரியும், மற்றவருக்குக் கத்தாளையைத் தெரியும்.

கம்பை இறக்கியதும் ஒரு சந்தேகம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கம்புக்கு 30 டிகிரி முன்பக்கமிருந்து வந்த ஒலியும், 30 டிகிரி பின்பக்கமிருந்து வந்த ஒலியும் ஒரே நேர வித்தியாசத்தையே கொடுக்கும். நேர்கோட்டு வரிசைக்கு முன்பின் தெரியாது. கப்பல்கள் இழுத்துப்போகும் நீண்ட வரிசைகளுக்கும் இதே கதிதான். கப்பல் என்ன செய்கிறதோ அதையே நீங்களும் செய்யுங்கள். கம்பைக் கால்வட்டம் திருப்பி, அதே ஒலியை மறுபடி எழுப்பச் சொல்லிப் பதியுங்கள். உண்மையான திசை இரண்டு பதிவிலும் ஒத்துவரும், பொய்த் திசை இடம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.